விதைக்கும் முன் ஈரத்துணியில் போடுங்கள்: சோயா விதை காக்க 24 குறிப்புகள்

ஆடி பிறந்து மண் நனைந்ததும் பரணிலிருந்து சோயா மூட்டையை இறக்குவோம். அவிழ்த்துக் கைவிட்டால் மஞ்சளாக, உருண்டையாக, ஒரு வண்டுகூட இல்லாமல் இருக்கும். அதை நம்பி விதைப்போம். ஏழாம் நாள் சாலோடு நடந்தால் இங்கே நான்கு செடி, அங்கே ஒரு முழம் வெறும் மண். மயில் பொறுக்கியதா, எறும்பு இழுத்ததா, ஈரம் போதவில்லையா என்று ஆளுக்கொன்று சொல்வோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. அத்தை குனிந்து, வெறும் இடத்தில் விரலால் மண்ணைக் கிளறி, புதைந்திருந்த விதையை எடுத்துக் கையில் வைத்தார். தொட்டதும் குழைந்தது. மேலெல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளை இழை. "மயில் மேல பழி போடாத கண்ணு, வெதையே அழுகிக் கெடக்குது" என்றார். அது வெளியே வாங்கிய விதை. விற்றவரும் தெரியாமல்தான் கொடுத்திருப்பார், ஏனென்றால் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து சோயா விதை விஷயத்தில் நாங்கள் வீட்டிலேயே செய்துவரும் வேலைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். தென்னைக்கு ஊடே அரை ஏக்கர் போடுகிறவர்களுக்கும் கொல்லையில் நாலு பாத்தி போடுகிறவர்களுக்கும் ஒரே முறைதான்.

1. முதலில் விதையின் தோலைப் பாருங்கள். ஒரு சோயாவை நன்றாக ஊறவைத்து நகத்தால் உரித்தால், தோல் மெல்லிய காகிதம்போலக் கழன்றுவரும். அதற்கு நேர் அடியில், ஒரு ஓரமாக, முளைவேர் சின்னக் கொக்கிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் காவல் அந்தத் தோல் மட்டும்தான். காயின் சுவரைத் துளைத்து வருகிற பூஞ்சாணம் முதலில் குடியேறுவதும் அந்தத் தோலில்தான். அங்கிருந்து முளைவேருக்கு மயிரிழை தூரம். மற்றப் பயறுகளைவிட சோயாவைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

2. வெள்ளைத் தட்டில் இரண்டு கைப்பிடி விதையைப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஊதாவும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

ஊதா நிறம் திட்டாகவோ முழுவதுமோ படர்ந்திருந்தால் அது செர்கோஸ்போரா என்ற பூஞ்சாணத்தின் ஊதாக் கறை. விதை சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து, சுருங்கி, நீண்டு, தோல் வெடித்திருந்தால் போமாப்சிஸ் விதை அழுகல். மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தோலில் புதைந்திருந்தால் கரி அழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா. சாம்பல் கலந்த பழுப்புத் திட்டுகள் ஆந்த்ராக்னோஸ் நோயின் அடையாளமாக இருக்கலாம். பால் காய்ந்து படிந்ததுபோல வெள்ளைப் பொருக்கு இருந்தால் அடிச்சாம்பல் நோய்.

விதையின் கண்ணிலிருந்து கறுப்போ பழுப்போ மை ஒழுகியதுபோலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சாணம் அல்ல, பெரும்பாலும் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸின் வேலை. விதை நேர்த்தி மருந்து எதுவும் அதற்கு உதவாது. அந்தச் செடியிலிருந்து விதை எடுப்பதையே நிறுத்த வேண்டும்.

3. ஊதாக் கறையைக் கண்டு மூட்டையையே தள்ளிவிட வேண்டாம். பார்க்க அதுதான் மோசமாகத் தெரியும். சந்தையில் விலையைக் குறைப்பதும் அதுதான். ஆனால் கறை லேசாக இருக்கும் விதைகளில் பெரும்பாலானவை முளைத்துவிடும். முளைப்பில் தாமதமும், வித்திலையில் கறையும், சில நாற்று சாவதும் உண்டு. இந்தப் பூஞ்சாணம் செர்கோஸ்போரின் என்ற சிவப்பு நச்சைச் சுரக்கிறது. 1957-ல் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இருட்டில் அது சும்மா கிடக்கும், வெளிச்சம் பட்டால்தான் இலையின் உயிரணுக்களைச் சிதைக்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, செடி வளர்ந்து இலை விரித்த பின் மேல் இலைகள் செம்பாகச் சிவந்து கருகுவதும் இதே பூஞ்சாணத்தால்தான். கறை பட்டதைப் பொறுக்கித் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சோதித்து விதையுங்கள்.

4. பயப்பட வேண்டியது வெள்ளைச் சுண்ணாம்பு விதைக்கு. போமாப்சிஸ் பிடித்த விதை மண்ணில் விழுந்ததும் பூஞ்சாணம் முளையை முந்திக்கொள்ளும். தப்பி வெளியே வரும் நாற்றிலும் தண்டின் அடியில் செம்பழுப்புக் கோடு இருக்கும். இத்தகைய விதையில் எண்ணெயின் தரமும் மாவின் தரமும் கெட்டுவிடும், எண்ணெய் ஆட்டவும் உதவாது.

5. தோல் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து விதை சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். மேலே சொன்ன எல்லாப் பூஞ்சாணங்களும் ஓர் அடையாளமும் காட்டாமல் தோலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். எங்களை ஏமாற்றியது அப்படிப்பட்ட விதைதான். ஆகவே பொறுக்குவதோடு நின்றுவிடாமல் அடுத்த குறிப்பில் உள்ளதையும் கட்டாயம் செய்யுங்கள்.

6. ஈரத்துணிச் சோதனை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டு முழம் கிழித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துப் பிழியுங்கள். சொட்டுச் சொட்டாக வடியக்கூடாது, கையில் ஈரம் ஒட்ட வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் அள்ளிக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல 100 விதை எண்ணுங்கள். நல்லதாகப் பார்த்து எடுத்தால் நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்கிறோம். வரிசைக்குப் பத்தாக, ஒன்றுக்கொன்று ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே இன்னொரு ஈரத்துணி போட்டு, பாய் சுருட்டுவதுபோலத் தளர்வாகச் சுருட்டி, இரண்டு முனையும் நூலால் கட்டி, ஒரு சொம்பில் செங்குத்தாக நிறுத்துங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும்.

ஐந்தாம் நாள் பிரியுங்கள். நல்ல விதையாக இருந்தால் பச்சைப்பயறு முளைகட்டிய வாசம் வரும். முளைவேர் விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று இறங்கி, பக்கத்தில் பூனைமயிர்போல வேர்த்தூவி இருக்கும். தண்டு கெட்டியாக நிற்கும். நோய் விதையைக் கண்ணுக்கு முன் மூக்கு கண்டுபிடித்துவிடும். பிரிக்கும்போதே புளித்த மாவும் அழுகிய வெங்காயமும் கலந்த நாற்றம் அடிக்கும். சில விதை ஊறி உப்பி, அழுத்தினால் பால்போல வழியும். சிலதில் முளைவேர் வந்திருக்கும், ஆனால் அரை அங்குலத்தில் பழுத்துக் கட்டையாக நின்றிருக்கும். சிலதில் வித்திலையின் மேல் குழிவிழுந்த கரும்புண் இருக்கும். இந்த மூன்றையும் 'முளைத்தது' என்று எண்ணாதீர்கள். பாதி உயிரோடு இருப்பது வயலில் செடியாகாது. எட்டாம் நாள் கடைசியாக ஒரு முறை எண்ணி, தொகையை எழுதி வையுங்கள்.

7. துணியைப் பிரிக்கும்போது பூசணத்தின் நிறத்தையும் கவனியுங்கள். மஞ்சள் கலந்த பச்சைத் தூளும், அடுப்புக்கரிபோன்ற கறுப்புத் தூளும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள். இவை பெரும்பாலும் சேமிப்பில் ஏறியவை, அதாவது உங்கள் மூட்டையில் ஈரம் இருந்திருக்கிறது. அடர்ந்த வெள்ளைப் பஞ்சும் நாள் போனபின் அதில் கரும்புள்ளிகளும் வந்தால் போமாப்சிஸாக இருக்க வாய்ப்பு அதிகம், அது வயலிலிருந்து வந்தது. வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்து வந்தால் பியூசேரியம். கண்ணால் பார்த்தே நூறு சதவீதம் பெயர் சொல்லிவிட முடியாது. ஆனால் தப்பு களத்திலா, சேமித்த இடத்திலா என்று தெரிந்துகொள்ள இந்த அளவு போதும்.

8. துணியில் பாதிக்குமேல் பூசணம் பிடித்துவிட்டதா? உடனே கைவிடாமல் மணலில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆற்றுமணலைச் சலித்து, கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, ஒரு தட்டில் நிரப்பி, 100 விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரமாக வையுங்கள். துணியில் 50 வந்தது மணலில் 75 வந்தால் நோய் பெரும்பாலும் தோலோடு நிற்கிறது என்று பொருள். மணலில் முளை மேலே வரும்போது தோல் கீழேயே கழன்று தங்கிவிடுவதால் பூஞ்சாணம் பக்கத்து விதைக்குத் தாவ முடிவதில்லை. இப்படிப்பட்ட விதையை மருந்து நேர்த்தி செய்து காப்பாற்றிவிடலாம். மணலிலும் அதே 50 என்றால் விதைக்கு உள்ளேயே உயிர் போய்விட்டது. செத்த விதையை எந்த மருந்தும் எழுப்பாது.

9. எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கும் கணக்கு இது. சான்று பெற்ற சோயா விதைக்கு நம் நாட்டில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். உங்கள் விதை 70-க்கு மேல் வந்தால் வழக்கமான அளவே போதும். 60-லிருந்து 70-க்குள் வந்தால் விதையளவைக் கூட்டுங்கள். உதாரணமாக ஏக்கருக்கு 30 கிலோ போடுகிறவர் 60 சதவீத விதையாக இருந்தால் 35 கிலோ போட வேண்டும். 60-க்குக் கீழே போனால் அளவைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கூட்டிப் போடும் ஒவ்வொரு கிலோவிலும் நோயையும் கூட்டிப் போடுகிறோம். வேறு விதை தேடுவதுதான் வழி.

10. மூட்டை நிறைய இருந்தால் மாவட்டத்தில் உள்ள அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கும் ஒரு மாதிரி கொடுங்கள். அங்கே 400 விதை வைத்துப் பார்ப்பார்கள். ஈரப்பதமும் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

11. விதையில் நோய் நுழைவது காய் முற்றும் நாட்களில். காய் பச்சையாக இருக்கும்போதே பூஞ்சாணம் தோலில் காத்திருக்கும். இலை உதிர்ந்து, காய் மஞ்சளாகும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் உள்ளே இறங்கிவிடும். காய் காய்ந்தபின் "நாளைக்கு ஆள் வரட்டும்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும், அதிலும் தூறல் விழும் நாள், விதையைக் கெடுக்கிறது. செடியில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, தோல் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் வெடிப்பே பூஞ்சாணத்துக்கு வாசல். விதைக்கென்று ஒதுக்கிய பாத்தியை மட்டுமாவது முதலில் அறுத்துவிடுங்கள்.

12. இதை ஒட்டி ஒரு யோசனை. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் 75 முதல் 90 நாளில், அதாவது சரியாக ஐப்பசி அடைமழைக்கு நேரே அறுவடை வந்து நிற்கும். தின்பதற்கும் விற்பதற்கும் அது பரவாயில்லை, விதைக்கு அது ஆகாது. மாசிப்பட்டத்தில் கொஞ்ச இடத்தில் விதைக்கென்றே போட்டு, வைகாசியில் வெயிலில் அறுத்து வைத்தால், ஆடி வரை இரண்டு மாதம் சேமித்தால் போதும். மகாராஷ்டிரத்து உழவர்கள் மழைக்கால விதைப்புக்கான விதையைக் கோடையில் தனியாக விளைவித்துக்கொள்வது இதே காரணத்துக்காகத்தான். கோடைப் பயிருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: சூடும் வறட்சியும் சேர்ந்தால் கரி அழுகல் ஏறும். காய் பருக்கும் சமயத்தில் தண்ணீரைக் காயவிடாதீர்கள்.

13. அறுப்பதற்கு முன் பாத்தியில் ஒரு நடை நடந்து, காயில் கறுப்புத் திட்டும் தண்டில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளியும் உள்ள செடிகளைப் பிடுங்கித் தனியாகப் போடுங்கள். விதைக்கு வேண்டாம்.

14. அடிக்கும்போது இரக்கம் வேண்டும். நெல்லைப்போல ஓங்கி அடித்தாலோ, டிராக்டரை மேலே ஏற்றி ஓட்டினாலோ தோல் கீறும், உள்ளே முளைவேர் ஒடியும். வெளியே முழு விதையாகத் தெரியும், துணியில் போட்டால் வேர் இல்லாமல் இரண்டு பருப்பு மட்டும் விரியும். கொத்தாகப் பிடித்து மெல்லிய குச்சியால் தட்டுவது மேல். எந்திரத்தில் அடித்தால் உருளையின் வேகத்தை நிமிடத்துக்கு 400 சுற்றுக்குள் வைக்கச் சொல்லுங்கள். எலும்பாய்க் காய்ந்த நிலையிலும் அடிக்காதீர்கள், சற்றே ஈரம் இருந்தால் தோல் தாங்கும். மூட்டையைத் தோளிலிருந்து "தொப்"பென்று போடுவதும் அடிதான். இறக்கி வைக்கப் பழக்குங்கள்.

15. காயவைப்பது தார்ப்பாயில் அல்லது சாக்கின்மேல். சிமென்ட் களம், மொட்டை மாடி, தார் ரோடு மூன்றும் விதைக்கு வேண்டாம், சூடு ஏறி முளை வெந்துவிடும். காலை 8 முதல் 12 வரை, பிறகு 3 முதல் 5 வரை. உச்சி வெயிலில் குவித்து மூடிவையுங்கள். மாலையில் பனி இறங்குமுன் எடுத்துவிடுங்கள்.

16. காய்ந்ததா என்று பார்க்க ஒரு கண்ணாடிப் புட்டியும் உப்பும் போதும். ஈரமில்லாத புட்டியில் மூன்றில் ஒரு பங்கு விதை போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்து, மறுபடி குலுக்குங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, கட்டவே கூடாது. ஒட்டாவிட்டாலும் இன்னும் ஓரிரு வெயில் காட்டுங்கள். சாக்கில் வைக்கும் விதைக்கு வேண்டியது 12 சதவீதம். அந்த நிலையில் விதையைக் கடித்தால் பல்லில் பதியாமல் "டக்"கென்று இரண்டாக உடையும்.

17. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்மில் போட்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். 12 சதவீத விதையை அப்படி அடைத்தால் உள்ளுக்குள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அடைத்து வைக்க 7 சதவீதம் வரை காய்ந்திருக்க வேண்டும், வீட்டில் அது கடினம். கோணிச்சாக்கோ துணிப்பையோதான் நமக்குச் சரி. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, உர மூட்டை பக்கத்தில் இல்லாமல், சமையலறை ஆவி படாமல் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்று ஹாரிங்டன் என்ற அறிஞர் சொன்ன கணக்கு, விதை வைத்திருக்கும் எல்லோருக்கும் கைகொடுக்கிற ஒன்று. ஓட்டு வீட்டில் குளிர்ச்சியான மூலையைத் தேடிப் பிடியுங்கள், தகரக் கொட்டகை வேண்டாம்.

18. சேமிப்பில் ஒரு விந்தையும் உண்டு. வயலில் ஏறிய போமாப்சிஸ், காய்ந்த விதையில் மாதங்கள் போகப் போகத் தானே செத்துக் குறையும். ஆனால் ஈரம் பட்டால் அதன் இடத்தை ஆஸ்பெர்ஜில்லஸ் பிடித்துக்கொள்ளும். அறுத்த கையோடு எடுத்த முளைப்புக் கணக்கும் ஆடியில் எடுத்த கணக்கும் வேறுபடுவது இதனால். விதைப்புக்கு பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு எடுப்பதே செல்லுபடியாகும் கணக்கு.

19. ஒரு வருடத்தைத் தாண்டிய சோயாவை விதைக்கு நம்ப வேண்டாம். எண்ணெய் நிறைந்த விதை என்பதால் சீக்கிரம் சோர்ந்துவிடும். பெரிய மஞ்சள் விதையைவிடச் சிறிய கறுப்பு விதை அதிக நாள் தாங்கும். மத்தியப் பிரதேசத்தில் மால்வா பக்கம் பயிரிட்டுவந்த காலிதூர் என்ற கறுப்புச் சோயாவுக்குத் தோல் கெட்டி, முளைப்பும் நீடிக்கும் என்று பெயர். கோ 1, கோ 2, கோ 3 என்று கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் எதை வைத்திருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் விதையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

20. நெல்லுக்குச் செய்வதுபோல உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை அகற்றுவது, முதல்நாள் இரவே ஊறவைப்பது இரண்டும் சோயாவுக்குக் கூடாது. இது தன் எடையில் பாதி அளவு தண்ணீரை வேகவேகமாகக் குடிக்கும். அந்த வேகத்தில் பருப்பு வெடித்து, உள்ளிருக்கும் சர்க்கரை கசிந்து, பூஞ்சாணத்துக்கு விருந்தாகிவிடும். முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, கையால் பொறுக்குங்கள். மாலையில் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.

21. விதை நேர்த்தியை வரிசை தவறாமல் செய்யுங்கள். ரசாயனம் என்றால் கிலோவுக்கு 2 கிராம் திரம் அல்லது கார்பண்டாசிம். வேளாண் விரிவாக்க மையத்தில் தற்போது எது பரிந்துரை என்று கேட்டு, டப்பாவின் மேல் உள்ள அளவையே எடுங்கள். உயிர் மருந்து என்றால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான், அதனால் ரசாயனத்தோடு கலந்தால் அது செத்துவிடும், காசு வீண். கனமான பாலிதீன் பையில் விதையையும் மருந்தையும் போட்டு, காற்று ஊதிக் கட்டி, உருட்டினால் எல்லா விதையிலும் ஒட்டும். கையால் பிசைந்தால் தோல் கிழியும்.

ரசாயனம் போட்டிருந்தால் ஒரு நாள் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். சோயாவுக்கென்று உள்ள ரைசோபியம் பாக்கெட்தான் வேண்டும், நிலக்கடலைப் பாக்கெட் இதற்குச் சேராது. மருந்து பூசிய விதை மிஞ்சினால் சுண்டலுக்கோ கோழிக்கோ போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு. பையின் மேல் பெரிய எழுத்தில் "விஷம்" என்று எழுதுங்கள்.

22. நோய் லேசாக உள்ள விதையும் வேகமாக முளைத்தால் தப்பிவிடும். மண்ணுக்குள் இருக்கும் நாளைக் குறைப்பதே சூட்சுமம். ஆழம் ஓர் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். மண் நன்றாக நனைந்திருக்க வேண்டும், தேங்கக்கூடாது. மேல்மண் மட்டும் நனையும் தூறலை நம்பிப் போட்டால் விதை ஊறும், முளைக்காது, பூஞ்சாணம் முந்திக்கொள்ளும். இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் மத்திய இந்தியாவின் மானாவாரி உழவர்களுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழை பெய்தபின் விதைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

23. முளைத்த பின் முதல் பத்து நாள் தினமும் பாருங்கள். அந்த நாட்களில் நாற்றுக்குச் சோறு போடுவது இரண்டு வித்திலைகள்தான். சோயா முளைக்கும்போது அந்த வித்திலைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. சில சமயம் விதைத்தோல் குல்லாய்போல அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் பட்ட தோல் என்றால் அது தொட்டிருக்கும் இடத்திலேயே புண் விழும். வித்திலையில் குழிந்த கரும்புண் இருந்தால் ஆந்த்ராக்னோஸ், அது தண்டுக்கு இறங்கி நாற்றைச் சாய்த்துவிடும். தண்டின் அடி செம்பழுப்பாகி, பின்பு கறுத்து, வெயில் ஏறும்போது நாற்று துவண்டால் கரி அழுகல். நோய் பட்டுப் பிழைத்த நாற்று குட்டையாக, முதல் இலை சுருங்கி, பக்கத்துச் செடியின் நிழலிலேயே கடைசிவரை நிற்கும். பிடுங்கிவிட்டு ஒரு வாரத்துக்குள் போக்கிடம் நிரப்புங்கள். தாமதமாக நிரப்பினால் அந்தச் செடியும் நிழலில் மாட்டிக்கொள்ளும்.

24. அறுத்தபின் தட்டையையும் கழித்துப்போட்ட விதையையும் வயலோரம் குவிக்காதீர்கள். இந்தப் பூஞ்சாணங்கள் அதில் தங்கி அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். நன்றாக மக்கவைக்க வேண்டும் அல்லது ஆழ உழுது புதைக்க வேண்டும். அடுத்து அதே இடத்தில் சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள், பயறு வகை வேண்டாம். பூசணம் பிடித்த சோயாவை மாட்டுக்கும் வேகவைத்துப் போடாதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் விடும் அஃப்ளாடாக்சின் நச்சு கொதித்தாலும் போகாது, பாலில் இறங்கும்.

எங்கள் வீட்டுப் பரணில் இப்போது இருக்கும் மூட்டையில் ஒரு அட்டை தைத்திருக்கிறோம். அறுத்த தேதி, எத்தனை வெயில் காட்டியது, துணியில் எத்தனை முளைத்தது என்று மூன்று வரி. கடைசி வரியில் 83 என்று அத்தை தன் கையால் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் சோயா மூட்டை இருந்தால் இன்றைக்கே 100 விதை எண்ணி ஈரத்துணியில் போடுங்கள். எட்டு நாளில் தெரிந்துவிடும், வேறு விதை தேட அப்போதும் நேரம் இருக்கும்.